கதிர்ப்படையும் கவிஞர் வகுத்த வரம்பும்

ஆயுத பூசை நாளன்று நம் தமிழ்க் குடும்பங்கள் எவற்றை வைத்து வணங்குகின்றன என்று அயலார் நம்மை வினவுவதுண்டு. வாளையும் வேலையும் நாம் வணங்குவதில்லை. தையற்காரர் தம் தையற்பொறியையும், வணிகர் தராசையும், சலவைத் தொழிலாளர் இஸ்திரிப் பெட்டியையும், மாணவர் தம் புத்தகத்தையும் பொட்டிட்டு, பொரிகடலை படைத்து வணங்குகின்றனர். ‘ஆயுதம்’ என்னும் சொல் நம் இல்லங்களில் கொலைக்கருவி என்னும் பொருளை ஏறக்குறைய மறந்தே போய், சோறிடும் கருவி என்னும் பொருளைத் தாங்கி நிற்கிறது. பிழைப்புத் தேடி ஊர்விட்டு ஊர் வந்த மக்களுக்கு இப்பொருளே பெரிதும் பொருந்துவதாகும்.

மட்டாஞ்சேரியில் நாம் நன்கறிந்த ஓர் இல்லத்தில், அண்மையில் ஓர் ஆண்டு இப்பூசையின்போது சிறியதொரு வழக்கு எழுந்தது. பாட்டனாரின் கரி இஸ்திரிப் பெட்டி கழுவித் துடைக்கப்பெற்றுக் குங்குமப் பொட்டுடன் பலகைமேல் வீற்றிருந்தது. பத்து வயதுப் பேரன் தான் செய்த துப்பாக்கி ஒன்றைக் கொண்டுவந்து அதனருகே வைத்தான். பழுதான டார்ச் விளக்கு, பழைய கேமராவின் பிளாஷ், பிளாஸ்டிக் குழாய்த் துண்டு, வெள்ளித்தாள் ஆகியவற்றால் அமைந்தது அது.

“என்னடா இது?” என்றார் பாட்டனார்.

“லேசர் துப்பாக்கி தாத்தா. இதால சுட்டா முன்னாடி இருக்கிறதெல்லாம் சாம்பலாயிடும்.”

“சரி, அப்புறம் அதை எப்படி அணைப்பே?”

பையன் விழித்தான். விருந்தினராய்ச் சென்றிருந்த நம் பக்கம் திரும்பி, “மாமா, நீங்க சொல்லுங்க. இதை இங்கே வைக்கலாமா, கூடாதா?” என்று கேட்டான். நமக்கும் உடனே விடை தோன்றவில்லை. இல்லாத ஒரு படைக்கலத்தைக் கற்பனையால் படைப்பது கருவி செய்வதற்கு ஒப்பான நற்செயலா, அன்றி வீண் விளையாட்டா? கவிஞரும் கதாசிரியரும் திரைப்படத்தாரும் காலங்காலமாகச் செய்துவரும் இச்செயலுக்கு அளவுகோல் யாது? அச்சிறுவனுக்கு அன்று சொல்ல இயலாத விடையையே இம்மலரில் தேட முற்படுகிறோம்.

மூன்று வினாக்கள்

கற்பனைப் படைக்கலம் ஒன்றைத் திறனாய்வு செய்ய முற்படுவோர் அதன் வலிமையை அளந்து பயனில்லை. மலையைப் பொடியாக்கும் என்று எழுத ஒரு வரி போதும். உலகையே எரிக்கும் என்று எழுதவும் ஒரு வரியே போதும். சொற்செலவு ஒன்றாயிருக்கும்போது வலிமையில் உயர்வு தாழ்வு ஏது? ஆகவே நாம் வேறு மூன்று வினாக்களை எழுப்புகிறோம். அக்கருவி எதனால் இயங்குகிறது? அது எதனைத் தீண்டாது விடும்? அது எவ்வாறு அடங்கும்? இவற்றிற்கு விடையுள்ள படைக்கலமே கதையில் உயிர்பெறுகிறது. விடையில்லாதது எத்துணைச் சுடர்விட்டாலும் தீபாவளி மத்தாப்பினைப் போல ஒரு கணம் ஒளிர்ந்து மறைகிறது.

இவ்வகை நூல்களைப் பேசுவதற்கு நம்மிடம் சொல் இல்லை என்று வருந்த வேண்டியதில்லை. ‘பொறி’ என்னும் ஒரு சொல்லை எண்ணிப் பாருங்கள். தீயினின்று தெறிப்பதும் பொறி. தச்சன் அமைக்கும் இயந்திரமும் பொறி. கண் காது முதலிய புலன் வாயில்களும் பொறி. ஒளியைக் குவித்து எறியும் கருவியைக் ‘கதிர்ப்பொறி’ என்போமாயின், நெருப்பும் இயந்திரமும் அதனால் தாக்குறும் கண்ணும் அவ்வொரு சொல்லுள் அடங்கிவிடுகின்றன. நம் பிள்ளைகள் பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் பயில்வோர். அவர்கள் விளையாட்டுக்கும் தமிழில் சொல் உண்டு என்று காட்டுவது நம் கடமைகளுள் ஒன்று.

மதுரையின் மதில்

தமிழில் படைக்கலக் கற்பனையின் முதற்பெருங் கண்காட்சி சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் உள்ளது. இடைக்குல மூதாட்டியாகிய மாதரி, கண்ணகியைத் தன் பாதுகாப்பில் ஏற்று, மதுரைக் கோட்டை வாயிலைக் கடந்து ஆய்ச்சியர் சேரிக்கு அழைத்துச் செல்கிறாள். அப்பொழுது அம்மதிலில் பொருத்தப்பட்ட பொறிகளை இளங்கோவடிகள் ஒவ்வொன்றாக அடுக்குகிறார். தானே வளைந்து அம்பு எய்யும் வில்லுண்டு. கல்லை வீசும் கவணுண்டு. காய்ச்சிய எண்ணெயும் உருக்கிய உலோகமும் நிறைந்த கொப்பரைகளுண்டு. குரங்கின் வடிவில் அமைந்து நெருங்குவோரைக் கடிக்கும் பொறியும், பன்றி வடிவில் அமைந்த பொறியும், மதிலைப் பற்றி ஏறுவோர் கையைத் துளைக்கும் ஊசிப் பொறியும் அங்குண்டு. ‘சிரல்’ என்ற பெயரால் மீன்கொத்திப் பறவையின் உருவில் ஒன்றும் கூறப்படுகிறது. அது பகைவர்மேல் பாய்ந்து கண்ணைக் கொத்துவது என்பது அடியார்க்குநல்லார் உரையால் விளங்கும்.

இவற்றுள் எவையெவை மெய்யாகவே மதிலில் இருந்தன, எவையெவை புலவரின் புனைவு என்று பிரித்தறிவது வரலாற்றாசிரியர் பணி. திறனாய்வாளராகிய நாம் நோக்க வேண்டியது அவற்றின் அமைப்பு நெறியையே. இளங்கோவடிகள் இல்லாத ஒன்றை வெறும் வெளியிலிருந்து படைக்கவில்லை. மீன்கொத்தி நீரின்மேல் அசையாது நின்று, குறிதவறாது பாய்வதைக் குளக்கரையில் கண்டவர் எவரும் அப்பொறியின் இயக்கத்தை ஒரு சொல்லால் உணர்ந்துகொள்வர். விலங்கின் இயல்பே பொறியின் இயல்பாகிறது. நம் முதல் வினாவுக்கு இதனினும் சுருக்கமான விடை வேண்டுமோ?

எனினும் இப்பொறிகளின் முழுப்பொருள் கதை வளர்ந்த பின்னரே விளங்குகிறது. இத்துணைக் காவலும் வாயிலில் இருக்க, மதுரையை அழித்தது வெளியிலிருந்து வந்த பகைவன் அல்லன். மூதாட்டி ஒருத்தியின் பின்னே தளர்ந்த நடையுடன் அவ்வாயிலைக் கடந்து சென்ற இளம்பெண்ணே பின்னர் அந்நகரை எரித்தாள். குரங்கும் பன்றியும் மீன்கொத்தியும் அவளைத் தடுக்கவில்லை. தடுப்பதற்கு அவள் பகையாக வரவுமில்லை. பொறிகள் பகைவரை அறியும். அரண்மனையுள் நிகழவிருக்கும் அநீதியை அறியா. அடிகள் பொறிகளின் பட்டியலை அவ்விடத்தில் வைத்த காரணம் இதுவேயாகலாம் என்பது நம் கருத்து.

கண்ணகியின் தீ

வஞ்சின மாலையில் கண்ணகி ஏவிய தீ, தமிழில் கற்பனை செய்யப்பட்ட ஆற்றற் படைகளுள் தலையாயது எனலாம். அதனை நம் மூன்று வினாக்களால் சோதித்துப் பார்ப்போம்.

அது எதனால் இயங்குகிறது? பொய்ப்பழியால் கணவனை இழந்த ஒருத்தியின் துயராலும், அவள் கற்பின் ஆற்றலாலும் இயங்குகிறது. அவள் தன் உடலின் ஒரு பகுதியையே திருகி எறிகின்றாள். அப்படையை ஏவியவள் அதற்குரிய விலையைத் தன் மெய்யிலேயே செலுத்துகிறாள். அது எதனைத் தீண்டாது? இங்கேதான் இளங்கோவடிகள் வியக்கத்தக்க நுட்பத்தைக் காட்டுகிறார். தீக்கடவுள் தோன்றி யாரை விலக்குவது என்று அறிய நிற்கின்றான். அந்தணரையும் அறநெறியாளரையும், ஆவினையும் கற்புடை மகளிரையும், முதியோரையும் குழந்தைகளையும் விடுத்துத் தீயோர் பக்கமே செல்லுமாறு கண்ணகி பணிக்கின்றாள். கணவனை இழந்து அரற்றும் அந்நேரத்திலும் விலக்குப் பட்டியல் அவள் நாவில் பிறழாது வருகிறது. அது எவ்வாறு அடங்கும்? மதுராபதித் தெய்வம் கண்ணகியின் முன் தோன்றி ஊழ்வினையின் வரலாற்றை எடுத்துரைக்க, தீயின் கொடுமை தணிகிறது. உண்மையைக் கேட்டல் என்பதே அத்தீயை அணைக்கும் நீர்.

கொச்சியில் வாழும் நமக்கு இக்காட்சி தொலைவிலுள்ளது அன்று. இளங்கோவடிகளைச் சேரர் குடியினர் என்பது மரபு. நமக்கு வடக்கே கொடுங்கல்லூரில் வீற்றிருக்கும் பகவதியைக் கண்ணகியாகவே கருதும் மரபும் உண்டு. மீனமாதப் பரணிக்கு அங்குச் செல்லும் நம் குடும்பத்தினர், மதுரையில் எழுந்த தீயின் கதை சேரமண்ணில் காவியமாயிற்று என்பதைத் தம் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்பாராக.

பள்ளியறைச் சுவரும் கம்பன் கணையும்

மட்டாஞ்சேரி அரண்மனையைக் காணாத கொச்சித் தமிழர் இரார். 16ஆம் நூற்றாண்டின் நடுவில் போர்த்துகீசியர் கட்டிக் கொச்சி அரசருக்கு அளித்த அம்மாளிகையை 1663ஆம் ஆண்டில் கொச்சியைக் கைக்கொண்ட டச்சுக்காரர் பின்னர்ப் புதுப்பித்தனர். அதனால் அதற்கு ‘டச்சு அரண்மனை’ என்னும் பெயர் நிலைத்தது. அங்கே இருவகைப் படைக்கலங்கள் உள்ளன. வாள், குத்துவாள், கோடரி, ஈட்டி என்பன காட்சிக்கு வைக்கப்பெற்ற மெய்ப்படைகள். அரசரின் பள்ளியறைச் சுவர்களில் தீட்டப்பெற்ற இராமாயண ஓவியங்களில் காண்பன கற்பனைப் படைகள். முன்னதைக் காண்போர் அதன் கூர்மையை வியந்து அடுத்த அறைக்குச் சென்றுவிடுகின்றனர். பின்னதன் முன் நெடுநேரம் நிற்கின்றனர். இரும்பு வாள் தன்னைத் தவிர வேறொன்றையும் சொல்வதில்லை. ஓவியத்தின் அம்போ ஒரு கதையின் நடுவில் நிற்கிறது. அதனை விடுத்தவன் யார், விடுத்தது எதன்பொருட்டு என்னும் வினாக்களைத் தன்னோடு ஏந்தி நிற்கிறது.

அக்கதையைக் கம்பன் வாயிலாகக் கேட்போமாயின், படைக்கலங்களுக்கு இலக்கணம் வகுத்தவன் அவனே என்று தோன்றும். யுத்த காண்டத்தில் ஒரு படைக்கு மற்றொரு படை மாற்றாக அமைகிறது. இந்திரசித்தின் நாகபாசம் இலக்குவனையும் வானரரையும் கட்டி வீழ்த்துகிறது. கருடன் வருகையால் அக்கட்டு அறுகிறது. அவன் ஏவிய பிரமாத்திரம் சேனையை உயிரற்றதாக்கிக் கிடத்துகிறது. அனுமன் கொணர்ந்த மருத்துமலையின் காற்றுப்பட்டு அவர்கள் எழுகின்றனர். மாற்று இல்லாத படை ஒன்றைக் கம்பன் உலவவிடுவதில்லை. கதை முடங்காது ஓடுவதற்கு இஃது ஒரு காரணம்.

ஆயினும் நம் நெஞ்சைக் கவர்வது, ஏவப்படாத ஒரு கணையே. இந்திரசித்து மாயத்தால் மறைந்து மறைந்து போர்புரியும்போது, பிரமாத்திரத்தைத் தொடுத்து அவனை முடித்துவிடலாமே என்று இலக்குவன் வேண்டுகிறான். அஃது உலகங்களையே வருத்திவிடும் என்று கூறி இராமன் தடுத்துவிடுகிறான். அவ்வெண்ணத்தை அறிந்துகொண்ட இந்திரசித்தோ, அதே படையை முந்திக்கொண்டு ஏவிவிடுகின்றான். ஈண்டுக் கம்பனின் துணிவை நாம் போற்ற வேண்டும். வரம்பு காத்தவன் உடனே பரிசு பெற்றான் என்று அவன் எழுதவில்லை. வரம்பு காத்ததனால் தம்பியும் சேனையும் வீழ்ந்தன. அறத்தைக் காப்பதற்கு விலையுண்டு என்பதை மறையாமல் காட்டிய பின்னரே, மருந்தைக் கொணர அனுமனை அனுப்புகிறான். இறுதியில் இராவணன்மேல் இராமன் விடுத்ததும் பிரமன் படையே. அப்பொழுது அஃது ஒருவனை மட்டும் குறித்துச் சென்று, செயல் முடித்து, மீண்டும் அம்பறாத்தூணியை அடைகிறது. ஏவவும் மீட்கவும் அறிந்த கையினின்று சென்றமையால் அது நமக்கு அச்சம் தருவதில்லை.

இதன் மறுதலையைப் பாரதம் காட்டும். போர் முடிந்த பின்னர் அசுவத்தாமன் ஏவிய படையை அவனால் திருப்பியழைக்க இயலவில்லை. அருச்சுனன் தன் படையைத் திரும்பப் பெற்றான். அழைக்கத் தெரியாதவன் விடுத்த அப்படை, உத்தரையின் கருவில் இருந்த குழந்தையின்மேல் சென்றது. மீட்க அறியாதவன் கைப்படை இறுதியில் பிறவாத குழந்தையையே தேடிச் செல்லும் என்று நம் முன்னோர் எழுதி வைத்தனர். அணுகுண்டின் காலத்தில் வாழும் நாம் இதற்கு உரை எழுத வேண்டியதில்லை.

மேலைநாட்டார் செய்த முறை

மேலைநாட்டு இலக்கியத்தில் கதிர்ப்படைக்கு நிலையான உருவம் தந்தவர் எச். ஜி. வெல்ஸ். 1898ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்த ‘உலகங்களின் போர்’ என்னும் புதினத்தில், செவ்வாய்க் கோளினின்று வந்தவர்கள் வெப்பக் கதிரால் மனிதரை எரிக்கின்றனர். கலங்கரை விளக்கத்தின் கண்ணாடி ஒளியைக் குவித்து அனுப்புவது போல அக்கருவி வெப்பத்தைக் குவித்து அனுப்புகிறது என்று அவர் விளக்குகிறார். துறைமுக நகரினராகிய நமக்கு இவ்வுவமை எளிதில் விளங்கும். கப்பலைக் காக்கும் ஒளியே கொல்லும் ஒளியாக மாறிவிடுகிறது என்பதில்தான் அதன் கொடுமை உள்ளது. அத்தகைய படையை ஏந்தியவர்களை வெல்ஸ் வேறொரு பெரும்படையால் வீழ்த்தவில்லை. கண்ணுக்குப் புலனாகா நுண்கிருமிகளால் வீழ்த்தினார். மீன்கொத்தியைக் கண்டு பொறி அமைத்த அடிகளின் நெறியும், விளக்கைக் கண்டு கதிர் அமைத்த வெல்ஸின் நெறியும் ஒன்றே.

1977ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படத்தின் ஒளிவாளை நம் பிள்ளைகள் யாவரும் அறிவர். அதனைச் செய்த முறையை அறிந்தோர் சிலரே. அப்படத்தின் அரங்கப் பொருள்களை அமைத்த ரோஜர் கிறிஸ்டியன், பழைய பத்திரிகைக் கேமராவொன்றின் பிளாஷ் விளக்குக்குரிய உலோகக் கைப்பிடியைக் கண்டெடுத்து, சிற்சில துண்டுகளை ஒட்டி அவ்வாளின் பிடியாக்கினார். வேறொரு வீரனின் கதிர்த் துப்பாக்கி, மெளசர் என்னும் பழைய ஜெர்மானியக் கைத்துப்பாக்கியின் உடலின்மேல் கட்டப்பட்டது. ஒலி அமைத்த பென் பர்ட், ஒளிவாளின் ரீங்காரத்தைத் திரைப்படம் காட்டும் புரொஜெக்டரின் மோட்டாரிலிருந்தும் தொலைக்காட்சிப் பெட்டியின் இரைச்சலிலிருந்தும் எடுத்தார். துப்பாக்கியின் ஒலியோ, உயர்ந்த கோபுரமொன்றை இழுத்துப் பிடிக்கும் கம்பியைச் சுத்தியலால் தட்டிப் பெற்றது.

எதிர்காலத்தின் ஆயுதம் பழம்பொருட் கடையிலிருந்து பிறந்தது என்பது இதன் பொருள். கையில் தேய்ந்து பழகிய பொருளுக்கு எடையுண்டு, கீறலுண்டு, அதனை மெய்யென்று கண் நம்புகிறது. யூதத்தெருவின் பழம்பொருட் கடைகளில் கிடக்கும் பித்தளைக் கருவிகளைப் பார்த்து வளரும் மட்டாஞ்சேரிச் சிறுவனுக்கு இவ்வித்தை புதிதன்று. அவன் உடைந்த டார்ச்சையும் கேமராவின் பிளாஷையும் தேர்ந்தெடுத்தபோது, தான் அறியாமலே பெரிய கலைஞர் சென்ற வழியில் சென்றிருக்கிறான் என்று அவன் பாட்டனாரிடம் நாம் பின்னர் எடுத்துக் கூறினோம்.

எனினும் ஸ்டார் வார்ஸின்பால் நமக்கு ஒரு குறையுண்டு. ஒளிவாள் அழகியதோர் அமைப்பு. அதனை ஏந்தியவன் பகைவனின் அருகே சென்றுதான் போரிட வேண்டும். எதிரியின் முகத்தை நோக்காமல் அதனை வீச இயலாது. ஆனால் அதே படத்தில் ஒரு கோளையே ஒரு கதிரால் தூளாக்கும் காட்சியும் வருகிறது. ஒரு கோளில் வாழ்ந்தோர் யாவரும் அழிந்த பின்னரும் கதை சற்றே தலைகுனிந்துவிட்டு விரைந்து நடந்துவிடுகிறது. கண்ணகியின் நாவில் எழுந்த விலக்குப் பட்டியல் அங்கு எவர் நாவிலும் எழவில்லை.

இரும்புக்கையும் எந்திரனும்

தமிழ் மக்களிடை அறிவியற் படைக்கலக் கற்பனையைப் பரப்பியதில் சிவகாசியின் சித்திரக்கதைகளுக்குப் பெரும் பங்குண்டு. 1972ஆம் ஆண்டில் முத்து காமிக்ஸ் வெளியிட்ட ‘இரும்புக்கை மாயாவி’ பிரிட்டனில் பிறந்த கதையாயினும், தமிழ்ப்பெயர் பூண்டு நம் வீட்டுப் பிள்ளையாகவே ஆகிவிட்டது. இன்று பேரன் பேத்தி எடுத்தோர் பலர், ஒரு காலத்தில் அவ்விதழைப் பள்ளிப் புத்தகத்தினுள் மறைத்து வைத்துப் படித்தவர்களே. மின்சாரம் பாய்ந்தால் மாயாவியின் உடல் மறைந்துவிடும். ஆனால் இரும்புக்கை மட்டும் மறையாது. வெற்று வெளியில் அக்கை தனியே மிதந்து செல்லும் சித்திரத்தை யாரே மறக்க வல்லார்? முழுதும் மறைந்துவிடும் வீரன் ஒருவனை நாம் இதற்குள் மறந்திருப்போம். மறையாத அக்கையே அவனை நம் நினைவில் நிறுத்தியது. அவனுக்கு மின்சாரம் வேண்டும் என்பது முதல் வினாவின் விடை. அவன் கை காட்டிக்கொடுத்துவிடும் என்பது அவன் வரம்பு.

சுஜாதா ‘என் இனிய இயந்திரா’வை ஆனந்த விகடனில் தொடராக எழுதியபோது வேறொரு நுட்பத்தைக் கையாண்டார். நாட்டையே ஆட்டிப்படைக்கும் சர்வாதிகாரியாகிய ஜீவா, ஒளியால் அமைந்த வெற்றுப் பிம்பமே என்பது கதையின் போக்கில் வெளிப்படுகிறது. ஒளி எரித்தால்தான் படையாகும் என்பதில்லை, ஏமாற்றினாலும் படையாகும். மக்களின் கண்ணைக் குருடாக்காமலே அதனை ஆளும் ஒளியைக் காட்டியமையால், வெறும் கதிர்த் துப்பாக்கிக் கதைகளைவிட அக்கதை நெடுநாள் வாழும் என்பது நம் துணிபு. எதிர்ப்பக்கத்தில் ஜீனோ என்னும் இயந்திர நாய் படிப்பாலும் பேச்சாலுமே நம் அன்பைப் பெறுகிறது.

2010ஆம் ஆண்டில் ஷங்கர் இயக்கிய ‘எந்திரன்’ படத்தில் சுஜாதாவின் எழுத்துக்கும் பங்குண்டு. படைக்கு உதவும் என்று அறிஞன் செய்த எந்திரமனிதனை, ஆய்வுக்குழுவின் தலைவர் ஏற்க மறுக்கும் காட்சி அப்படத்தின் உயிர்நாடி. குத்து என்று கட்டளையிட்டால் தன்னைப் படைத்தவனையே குத்தத் துணியும் கருவி, நண்பனையும் பகைவனையும் எவ்வாறு பிரித்தறியும்? இது நம் இரண்டாம் வினாவேயன்றோ! ஆனால் படத்தின் இறுதிப் பகுதியில், நூற்றுக்கணக்கான எந்திரங்கள் உருண்டையாகவும் பாம்பாகவும் பேருருவாகவும் இணைந்து சுடும் காட்சிகளில் அவ்வினா புகையில் மறைந்துவிடுகிறது. கண் களிக்கிறது, நெஞ்சு காத்திருக்கிறது. அதற்குரிய பயன், தீர்ப்பினை ஏற்று எந்திரன் தன் உறுப்புகளைத் தானே கழற்றி வைக்கும்போதுதான் கிட்டுகிறது. அம்பறாத்தூணிக்கு மீண்ட கணையின் சாயலை அங்குக் காண்கிறோம்.

இவற்றின் நடுவே, மாத இதழ்களில் வெளிவந்து மறைந்த கதிர்த் துப்பாக்கிக் கதைகள் பல. ஒரு விஞ்ஞானி பொத்தானை அழுத்துவார், நகரம் எரியும், கதாநாயகன் ஓடிவந்து மற்றொரு பொத்தானை அழுத்துவான். மின்கலம் எங்கே, சுடும் குழாய் ஏன் உருகவில்லை, மழையில் என்னவாகும் என்று கேட்டால் விடையிராது. ஆடிமாத மழையை, மலையாளத்தார் கர்க்கடகம் என்னும் அம்மாதத்தின் ஓயாத மழையை அறிந்த நாம் ஒன்று சொல்வோம். ஒளிக்கதிர் மழைத்துளியிலும் மூடுபனியிலும் சிதறும். தூசியிலும் புகையிலும் தளரும். கொச்சியைக் களமாகக் கொண்டு கதிர்ப்படைக் கதை எழுத விழையும் இளைஞர், முதலில் ஒரு மழைநாளை அக்கதையில் வைத்துப் பார்க்கட்டும். கதிர் தோற்றுப்போகும் அந்நாளில்தான் கதை தொடங்கும்.

கற்பனை மெய்யான பின்னர்

இது வெறும் கதைப்பேச்சன்று. 1917ஆம் ஆண்டில் ஐன்ஸ்டைன் வகுத்த கொள்கை ஒன்றின் வழியே, 1960ஆம் ஆண்டில் தியோடர் மைமன் முதல் லேசர் ஒளியை உண்டாக்கினார். இன்று அவ்வொளி கண் அறுவையில் பார்வையை மீட்கிறது. கடையில் பொருளின் விலையைப் படிக்கிறது. அதுவே படைக்கலமும் ஆகிவிட்டது. 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள், நம் நாட்டின் பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனம் ஆந்திர மாநிலத்துக் கர்நூலில், 30 கிலோவாட் ஆற்றலுடைய லேசர்ப் படையால் ஆளில்லா வானூர்தியை வீழ்த்திக் காட்டியது. வெல்ஸ் கற்பனையில் கண்டது நம் நாட்டு வெளியில் மெய்யாயிற்று.

இதனோடு இணைத்து எண்ணத்தக்க செய்தி ஒன்றுண்டு. 1995ஆம் ஆண்டில் உலக நாடுகள் கூடி, மனிதரின் கண்ணை நிலையாகக் குருடாக்குதற்கென்றே அமைந்த லேசர்ப் படைகளைத் தடைசெய்யும் உடன்படிக்கையை ஏற்றன. 1998ஆம் ஆண்டில் அது நடைமுறைக்கு வந்தது. அத்தகைய படைகள் போர்க்களத்தில் பரவுமுன்பே தடை எழுந்தது என்பது மனிதகுலத்தின் நற்பேறு. கண்ணைக் கொத்தும் மீன்கொத்திப் பொறியை இளங்கோவடிகள் மதுரை மதிலில் வைத்தார். அதே நூலில், யாரைத் தீண்டலாகாது என்னும் பட்டியலையும் வைத்தார். உடன்படிக்கை எழுதியோர் சிலம்பைப் பயின்றவர் அல்லர். ஆயினும் படைக்கலத்தைப் பற்றி எண்ணுமிடத்து இவ்விரண்டையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்னும் முடிவுக்கு, தாமே தம் வழியில் வந்து சேர்ந்தனர்.

இல்லாத படைக்கலத்தைக் கற்பனை செய்வோர் இல்லாத வரம்பையும் கற்பனை செய்ய வல்லவர்கள். அறிவியலார் படையை அமைக்குமுன் கவிஞர் அதன் விலக்கை அமைத்துவிடலாம். கதிர்ப்படைக் கதை எழுதுவோரிடம் நாம் வேண்டுவது இதுவே. நம் பிள்ளைகளின் விளையாட்டிலும் நாம் பார்க்க வேண்டுவது இதுவே.

இனி, அச்சிறுவனின் வினாவுக்கு வருவோம். பாட்டனாரின் இஸ்திரிப் பெட்டியும் ஆற்றற் பொறியே. உள்ளே எரியும் கரி வீட்டையே கொளுத்த வல்லது. மூடியும் பிடியும், நீர் தெளித்துச் சூடு பார்க்கும் கையும் சேர்ந்தே அதனைச் சோறிடும் கருவியாக்கின. “உன் துப்பாக்கியைத் தாராளமாக இங்கே வைக்கலாம் தம்பி. ஆனால் அது யாரைச் சுடாது, எப்படி அடங்கும் என்று நீயே தீர்மானித்துவிட்டு வை” என்று அவனிடம் பின்னொரு நாள் கூறினோம்.

அடுத்த ஆண்டுப் பூசைக்கு நாம் அவ்வில்லம் சென்றபோது துப்பாக்கி பலகையில் இருந்தது. பக்கவாட்டில் புதிதாக ஒரு விசை பொருத்தப்பட்டிருந்தது. அதன்கீழ் ஒட்டிய தாளில், மலையாள எழுத்துக்கே பழகிய அவன் கை, பாட்டனாரிடம் கேட்டுக் கேட்டுத் தமிழில் எழுதிய ஒரு சொல் கோணல்மாணலாய் இருந்தது. ‘திரும்பு’ என்பது அச்சொல். பாட்டனார் இஸ்திரிப் பெட்டிக்குப் பொட்டிட்ட விரலால் அதற்கும் ஒரு பொட்டிட்டார்.